பதிவேட்டில் இல்லாத குரல்கள்

பங்குத்தந்தையாகப் பணியாற்றும் எவருக்கும் பதிவேடுகளோடு நெருங்கிய உறவு உண்டு. திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு என்று ஒரு மனிதரின் வாழ்வு முழுவதும் மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சிறு வயது முதலே நடக்க இயலாதிருந்த ஒரு சகோதரி, இரவில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து, இறப்புப் பதிவேட்டில் பெயர், வயது, நாள் ஆகியவற்றை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ‘வெள்ளம்’ என்று குறித்தேன். எழுதியது பொய்யன்று. ஆயினும் அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு குறைவானது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அந்த இரவில் அவர் யாரைக் கூப்பிட்டார்? தண்ணீர் ஏறி வருவதை முதலில் எப்படி அறிந்தார்? எவருக்கும் தெரியாது. கோவில் படிகளின் ஓரமாக ஒரு சாய்தளம் கட்டவேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக என்னோடு வாதாடியவர் அவர். அந்த வாதமும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

புயலும் வெள்ளமும் வெப்பமும் தீயும் மிகுந்துவரும் இக்காலத்தில், மாற்றுத்திறனாளிகள் பட்டதையும் அவர்கள் போராடியதையும் வரலாறு எவ்வாறு நினைவில் வைக்கிறது என்ற கேள்வி, அந்த ஒற்றைச் சொல்லிலிருந்துதான் எனக்குள் எழுந்தது. இக்கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது, அமெரிக்க நாட்டின் அனுபவம் என் கவனத்தை ஈர்த்தது. அங்கே இழப்பும் பெரிது. அந்த இழப்பைப் பற்றிய குரல்களைக் காப்பாற்றிவைக்கும் முயற்சியும் பெரிது. இரண்டும் பொது ஆவணங்களில் பதிவாகியிருப்பதால், நாம் அவற்றிலிருந்து தெளிவாகக் கற்றுக்கொள்ள முடிகிறது.

முதலில் ஒரு விளக்கம். காலநிலை மாற்றம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. கடல் சூடேறும்போது புயல் வலுவடைகிறது. கடல்மட்டம் உயரும்போது புயலலை உள்நாட்டுக்குள் மேலும் தொலைவு பாய்கிறது. காடுகள் காயும்போது தீ விரைந்து பரவுகிறது. இந்த நிலையில், தண்டுவடம் முறிந்த ஒருவருக்கு முறிவுக்குக் கீழே உடல் வியர்க்காது. எனவே வெப்ப அலை அவருக்கு உயிருக்கே ஆபத்து. மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. செயற்கை சுவாசக் கருவியால் உயிர்வாழ்பவருக்கு மின்வெட்டு என்பது மூச்சுவெட்டு. லிஃப்ட் நின்றுவிட்டால், பத்தாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் சிறைக் கைதியாகிறார். இவை உடலின் குறைகள் மட்டும் அல்ல; அந்த உடல்களை எண்ணிப் பார்க்காமல் போடப்பட்ட திட்டங்களின் குறைகளும் ஆகும். இந்த வேறுபாட்டை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே.

உள்ளிருப்புப் போராட்டமும் ஒலிநாடாவும்

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தில் 504 என்ற பிரிவு ஒன்று இருந்தது. நடுவண் அரசின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் ஒருவரை ஊனத்தைக் காரணம் காட்டி விலக்கலாகாது என்பது அதன் சாரம். ஆனால் சட்டத்தைச் செயல்படுத்தும் விதிகளில் நான்கு ஆண்டுகளாக எவரும் கையெழுத்திடவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகங்களை முற்றுகையிட்டனர். சான்பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ 150 பேர் கட்டடத்தின் உள்ளேயே அமர்ந்துவிட்டனர். மூன்று வாரங்களுக்கு மேல் அவர்கள் அங்கிருந்து அசையவில்லை. அவர்களுள் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் எனப் பலரும் இருந்தனர். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தாயிற்று.

அரசின் பதிவேட்டில் எஞ்சியிருப்பது அந்தக் கையெழுத்தும் அந்த நாளும்தான். மற்றவற்றை நாம் எவ்வாறு அறிகிறோம்? கட்டடத்தின் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் சன்னலருகே நின்று வெளியே இருந்தவர்களுக்குச் சைகைமொழியில் செய்தி சொன்னார்கள். கறுப்பின மக்களின் இயக்கமான கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க ஒருவரையொருவர் இரவில் புரட்டிப் படுக்கவைத்தார்கள். இவையெல்லாம் பங்கேற்றவர்கள் சொல்லக் கேட்டு எழுதப்பட்டவை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள பான்கிராஃப்ட் நூலகம், மாற்றுத்திறனாளிகளின் உரிமை இயக்கத்தைச் சேர்ந்தவர்களை நேரில் கண்டு, அவர்கள் வாய்மொழியை நாடாக்களில் பதிவுசெய்து, எழுத்தாக்கி வைத்தது. போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜூடித் ஹியூமன் 2023 மார்ச்சில் மறைந்தார். அவர் தலைமுறையினர் ஒவ்வொருவராக விடைபெற்றுச் செல்லும் இந்நாளில், அந்தப் பதிவுகளின் அருமை விளங்குகிறது.

இந்தப் பழங்கதைக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். இதே 504-ஆம் பிரிவும், அதன் வழியில் 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும்தான், பின்னாளில் புயலில் கைவிடப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் ஊன்றி நிற்பதற்கு ஊன்றுகோலாயின.

ஒரு தொலைபேசி அழைப்பு

2005 ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க அரசின் ஆலோசனை அமைப்பான தேசிய ஊனமுற்றோர் மன்றம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. பேரிடர்த் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் உயிர்கள் போகும் என்பது அதன் எச்சரிக்கை. நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்டு 29 அன்று, கத்ரினா சூறாவளி கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைத்தடுப்புகள் உடைந்தன. அந்நகர மக்களுள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் ஊனத்தோடு வாழ்ந்தவர்கள் என்று மக்கள்தொகைக் கணக்கு ஏற்கெனவே கூறியிருந்தது. வெளியேறுங்கள் என்ற ஆணை வந்தபோது, சொந்த வாகனம் உள்ளவர்கள் வெளியேறினர். சக்கர நாற்காலியோடு ஏற்றிச்செல்லும் வாகனத்துக்காகக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தனர்.

லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களை ஆராய்ந்தவர்கள் 971 பேரைக் கணக்கிட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். ஒரே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 35 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். தப்பிப் பிழைத்தவர்களிலும் பலர், படகில் ஏறுவதற்குத் தம் சக்கர நாற்காலியை விட்டுவிட நேர்ந்தது. நடப்பவருக்கு அது ஒரு நாற்காலி. அதில் வாழ்பவருக்கோ அது அவருடைய கால்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத முகாம்களில், ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது எதுவும் காது கேளாதவர்களுக்கு எட்டவில்லை. நகரின் மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே, சக்கர நாற்காலியில் இறந்த நிலையில், போர்வையால் மூடப்பட்டிருந்த ஒரு மூதாட்டியின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. படம் பரவியது, அவர் என்ன சொன்னார், எதைக் கேட்டார் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஆனால் ஒரு குரல் தப்பியது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான தேசிய சங்கத்தின் அந்நாளைய செயல் இயக்குநர் மார்சி ராத். நியூ ஆர்லியன்ஸில் கைகால்கள் செயலிழந்த ஒரு பெண், வீட்டை விட்டு வெளியேற வழியின்றித் தவிப்பது அவருக்குத் தெரியவந்தது. அவர் பல இடங்களுக்கும் முறையிட்டார். வாகனம் வரவில்லை. இறுதியில் அந்தப் பெண்ணோடு அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே, தண்ணீர் உள்ளே பாய்ந்து வருகிறது என்று அந்தப் பெண் கூறினார், இணைப்பு அறுந்தது. சில நாள்கள் கழித்து, வீட்டுக்குள் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் அந்த அழைப்பை மார்சி ராத் தமக்குள் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு ஓயவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழுவின் முன் அமர்ந்து அதைச் சாட்சியமாகச் சொன்னார். அது எழுத்தில் ஏறியது.

2006-இல், பேரிடர் மேலாண்மையைச் சீர்திருத்தும் சட்டம் ஒன்று வந்தது. நடுவண் பேரிடர் முகமையில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கவேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. 2010-இல் அங்கே தனி அலுவலகமே உருவானது. அதற்குத் தலைமையேற்றவர், அந்தத் தொலைபேசி அழைப்பைக் கேட்ட அதே மார்சி ராத். ஒரு சாட்சியத்தால் மட்டும் சட்டம் வந்துவிட்டது என்று நான் கூற வரவில்லை. பலருடைய பல முறையீடுகள் அதற்குப் பின்னே இருந்தன. ஆனால் எவரும் கேட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பெண்ணும் பதிவேட்டில் ‘வெள்ளம்’ என்ற ஒற்றைச் சொல்லாகவே எஞ்சியிருப்பார்.

பூட்டிய கதவும் திறந்த நீதிமன்றமும்

2011 ஆகஸ்டு மாதம் ஐரீன் புயல் நியூயார்க்கை நெருங்கியது. முகாமைத் தேடிச் சென்ற ஒரு சக்கர நாற்காலிப் பெண்மணி, சாய்தளத்துக்குச் செல்லும் கதவு பூட்டப்பட்டிருந்ததால் உள்ளே போக முடியாமல் வீடு திரும்பினார். முகாம் இருந்தது, சாய்தளமும் இருந்தது, சாவிதான் இல்லை. அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் நகர நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் தாக்கியது. மின்சாரம் நின்றது, லிஃப்டுகள் நின்றன. உயர்ந்த கட்டடங்களின் மேல்தளங்களில் பலர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டனர்.

2013 மார்ச்சில் விசாரணை நடந்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்களும் பார்வையற்றவர்களும் சாட்சிக் கூண்டில் தம் அனுபவத்தைத் தாமே எடுத்துரைத்தனர். நகரில் வாழும் ஏறத்தாழ 9 லட்சம் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைக் கருதாமல் நகரின் பேரிடர்த் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது என்றும், அது சட்டத்துக்கு முரணானது என்றும் 2013 நவம்பர் 7 அன்று நீதிபதி ஜெசி ஃபர்மன் தீர்ப்பளித்தார். நகர நிர்வாகம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக அவர் கருதவில்லை; கெட்ட எண்ணமில்லாத புறக்கணிப்பே இதற்குக் காரணம் என்றார். நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். சாய்தளத்தை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்ட எனக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. அடுத்த ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணினேன்.

2014-இல் இரு தரப்பினரும் உடன்பாட்டுக்கு வந்தனர். முகாம்களை எல்லாரும் நுழையக்கூடியனவாக ஆக்கவும், உயர்ந்த கட்டடங்களிலிருந்து மாற்றுத்திறனாளிகளை வெளியேற்றத் திட்டம் வகுக்கவும் நகரம் ஒப்புக்கொண்டது. இந்த வழக்கிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. அனுபவத்தைக் காப்பாற்றி வைப்பது நெஞ்சை ஆற்றிக்கொள்வதற்கு மட்டும் அன்று. ஒருவர் தமக்கு நேர்ந்ததை நாள், இடம், கதவு, பூட்டு என்று துல்லியமாகச் சொல்லும்போதுதான், ‘எல்லாம் சரியாகவே நடந்தது’ என்று கூறும் அறிக்கையின் பொய் வெளிப்படுகிறது. கருணைக்கு மனு போடுவது வேறு. சாட்சி சொல்வது வேறு.

இருளில் பிறந்த ஏற்பாடு

2018 நவம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ அழித்தது. 85 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். நடமாட இயலாதவர்களும் பலர். பி.ஜி. அண்டு இ. என்ற மின் நிறுவனத்தின் கம்பியிலிருந்து எழுந்த தீ அது. 2020-இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் 84 உயிர்களுக்கான குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையே, மீண்டும் தீப்பிடிக்காமலிருக்க அந்நிறுவனம் ஒரு வழியைக் கையாண்டது. காற்று கடுமையாக வீசும் நாள்களில் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுவதே அது. 2019 அக்டோபரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தீயிலிருந்து காக்கும் அதே ஏற்பாடு, மின்சாரத்தால் மூச்சுவிடுகிறவர்களின் மூச்சுக்கு உலைவைத்தது.

ஓக்லண்ட் நகரில் ஸ்டேசி பார்க் மில்பர்ன் என்ற இளம்பெண் வாழ்ந்தார். தசை நலிவு நோயுற்றவர். சக்கர நாற்காலியும் செயற்கை சுவாசக் கருவியும் இன்றி வாழ முடியாதவர். அவரும் நண்பர்களும் தம் வீட்டையே மாற்றுத்திறனாளிகள் கூடும் இடமாக்கியிருந்தனர். மின்வெட்டு அறிவிக்கப்பட்டதும் அவர்கள் அரசின் உதவிக்காகக் காத்திருக்கவில்லை. யாருக்கு எத்தனை மணிநேரம் மின்கலம் தாங்கும், யார் வீட்டில் மின்சாரம் உண்டு, குளிரில் வைக்கவேண்டிய மருந்தை எங்கே வைப்பது, யாருக்கு வண்டி வேண்டும் என்று பட்டியல் எடுத்து, ஒருவரோடொருவரை இணைத்தனர். வாழ்வதற்கு மின்சாரம் எங்கள் உரிமை என்று குரலெழுப்பவும் செய்தனர். 2020-இல் கொள்ளைநோய் பரவத் தொடங்கியபோது, அதே குழுவினர் கைகழுவும் பொருள்களைப் பொட்டலங்களாகக் கட்டித் தெருவோரக் கூடாரங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கொடுத்தனர். 2020 மே 19 அன்று, தம் 33-ஆவது பிறந்தநாளில், ஸ்டேசி காலமானார்.

2025-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயம் ஒன்றில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும் தோற்றம் அது. பெரும் சிறப்புத்தான். ஆனால் நாணயம் முகத்தைக் காக்குமேயன்றிக் குரலைக் காக்காது. அந்த அக்டோபர் இரவுகளில் அவர்கள் வகுத்த ஏற்பாடு எப்படி நடந்தது, எங்கே தவறியது, அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்ற அறிவு நாணயத்தில் இல்லை. அது நண்பர்களின் நினைவில் இருக்கிறது. எழுதிவைத்தால்தான் அது நிலைக்கும்.

கேட்பவர்களின் பணி

இதை உணர்ந்தவர்கள் சிலர் அங்கே உண்டு. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலிஸ் வோங், பிறவியிலேயே தசை நலிவு நோயுற்றவர். இவரும் சுவாசக் கருவியோடு வாழ்ந்தவர். மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றை மாற்றுத்திறனாளிகளே சேகரிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு 2014-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற வாய்மொழி வரலாற்று அமைப்போடு இணைந்து, இருவர் இருவராக அமர்ந்து உரையாடியவற்றை ஒலிப்பதிவு செய்தனர். அப்பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்க்கப்பட்டன. 2025 நவம்பரில் ஆலிஸ் வோங் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த பழக்கம் மறையவில்லை.

இயேசு சபையார் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஜூலியா வாட்ஸ் பெல்சர் இன்னொரு பணியை மேற்கொண்டார். அவர் யூத சமய குரு. சக்கர நாற்காலியில் வாழ்பவர். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் மாற்றுத்திறனாளிகளான செயல்வீரர்களையும் கலைஞர்களையும் நேர்கண்டு, அவர்கள் அனுபவத்தையும் அறிவையும் ஒரு பொது ஆவணக் காப்பகமாகத் திரட்டும் பணி அது. இங்கே கேள்வி கேட்பவரும் விடை சொல்பவரும் ஒரே பாதையில் நடப்பவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. நாம் ஒருவரைப் பேட்டி காணச் செல்லும்போது, பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேடிச் செல்கிறோம்: கண்ணீர் வரவழைக்கும் துயரம், அல்லது கைதட்ட வைக்கும் அதிசயம். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் அன்றாடக் கோபத்தையும், சலிப்பையும், நகைச்சுவையையும், தந்திரங்களையும் நாம் விட்டுவிடுகிறோம். அவற்றில்தான் பிறருக்குப் பயன்படும் அறிவு இருக்கிறது.

உலக அரங்கிலும் மாற்றம் மெல்ல வருகிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு, பேரிடர்க் காலத்தில் அவர்களைக் காப்பது அரசுகளின் கடமை என்கிறது. 2019-இல் மனித உரிமை மன்றம், காலநிலை மாற்றத்தையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையையும் இணைத்துத் தீர்மானம் இயற்றியது. ஆயினும் 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் காலநிலை மாநாடு கூடியபோது நடந்ததைப் பாருங்கள். இஸ்ரேல் நாட்டின் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹரார் சக்கர நாற்காலியில் வந்தார். நடந்து செல்ல வேண்டும், அல்லது சக்கர நாற்காலி ஏறாத வண்டியில் செல்ல வேண்டும் என்ற நிலையில், முதல் நாள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார். ஒரு நாட்டின் அமைச்சருக்கே இந்த நிலை என்பதால் அது செய்தியாயிற்று, வரலாற்றிலும் இடம்பெற்றது. பெயரற்றவர்கள் திரும்பிப்போன கதவுகள் எத்தனையோ!

இன்னும் கேட்கப்படாதவர்கள்

இத்தனை முயற்சிகளிலும் ஒரு பெரும் இடைவெளி உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், இயக்கங்களில் இருப்பவர்கள் ஆகியோரின் குரலே எளிதில் பதிவாகிறது. 2021 ஜூலை 14-ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் பாய்ந்தது. சின்சிக் என்ற ஊரில், அறிவுவளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த இல்லத்தின் தரைத்தளத்தில் 12 பேர் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டு கோடையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் வெப்ப அலை 619 உயிர்களைப் பறித்தது. காலநிலை மாற்றம் இன்றி அத்தகைய வெப்பம் ஏறத்தாழ நிகழ்ந்தேயிராது என்று அறிவியலார் கூறினர். இறந்தவர்களுள் 98 விழுக்காட்டினர் வீட்டுக்குள்ளேயே இறந்தனர் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள் என்றும் மரண விசாரணை அதிகாரிகளின் அறிக்கை காட்டியது. மனச்சிதைவு நோயாளிகள் அவர்களிடையே அளவுக்கு மீறிக் காணப்பட்டனர். அறிக்கை நேர்மையானது, பயனுள்ளது. ஆனால் தனியே இருந்தவர் அந்த அறையில் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல, அவர் இல்லை, கேட்டவரும் இல்லை.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே கேட்கவேண்டும். பேச்சு வராதவரிடம், அவர் கையாளும் சைகையையோ எழுத்துப் பலகையையோ கற்றுக்கொண்டு கேட்கவேண்டும். சொல்ல அதிக நேரம் எடுப்பவருக்கு அதிக நேரம் தரவேண்டும். சொன்னதை அவரிடமே திருப்பிக் காட்டி, இதை வைக்கலாமா, எதை நீக்கவேண்டும் என்று அவர் இசைவைப் பெறவேண்டும். பதிவான குரல் காது கேளாதவர் படிக்கும் எழுத்தாகவும், பார்வையற்றவர் கேட்கும் ஒலியாகவும் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் யாருடைய வரலாறோ அவர்களுக்கே அது பூட்டிய கதவாகிவிடும்.

நான் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். அந்தச் சகோதரி இறந்த மறு ஆண்டு, கோவிலுக்குச் சாய்தளம் கட்டப்பட்டது. அதன் கல்வெட்டில் உபயம் செய்தவரின் பெயர் இருக்கிறது. திறந்துவைத்தவரின் பெயரும் இருக்கிறது. கேட்டவரின் பெயர் இல்லை. அண்மையில் அவருடைய அக்காவின் வீட்டுக்குச் சென்று, அவரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டேன். இரண்டு மணிநேரம் பேசினார்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் அவர் தம் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கற்களை அடுக்கச் சொல்வாராம். ஆண்டுக்காண்டு ஒரு வரிசை கூட்டச் சொன்னாராம். “தண்ணி வருஷா வருஷம் ஏறுது, நீங்கதான் பாக்க மாட்டேங்கிறீங்க” என்று சண்டை போடுவாராம். வெள்ளம் உயர்ந்து வருவதை எங்கள் ஊரில் அளந்து கணக்கு வைத்திருந்தவர் அவர் ஒருவரே என்பதை, அவர் இறந்தபின் அறிகிறேன்.

அவற்றையெல்லாம் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி, இறப்புப் பதிவேட்டின் அருகே வைத்திருக்கிறேன். அதில் இன்னும் நிறையப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. உங்கள் வீட்டிலும் உங்கள் தெருவிலும், கட்டிலில் இருந்தபடியே மழையைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த மழை வருமுன் அவர்கள் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதுங்கள்.